நோயாளியின் இரகசியம் யாருக்குச் சொந்தம்?

அரசு மருத்துவமனைக்கு உங்கள் பாட்டியை அழைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டு வாங்கியாயிற்று. டாக்டரின் அறைக்கு வெளியே நீண்ட வரிசை. அறையின் கதவு திறந்தே இருக்கிறது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தவர் ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிடுகிறார். "எத்தனை நாளாக இருமல்? சளியில் இரத்தம் வருகிறதா? வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?" என்று டாக்டர் கேட்கிறார். கேள்வியும் பதிலும் உங்கள் காதில் தெளிவாக விழுகின்றன. பதில் சொல்பவர் யார் என்று நிமிர்ந்து பார்க்கிறீர்கள். அவர் உங்கள் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை!

நீங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. தவறு ஏதும் செய்யவில்லை. ஆனாலும் உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள் இப்போது உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் அதை என்ன செய்யப்போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருவோம். அதற்கு முன் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் நோயாளியின் செய்தியை இரகசியமாகக் காப்பது வெறும் மரியாதை அன்று. ஊசியையும் மாத்திரையையும் போல அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. அது கெட்டால் மருத்துவமே கெடும். இது சரிதானா என்று நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

உறைக்குள் ஓர் எக்ஸ்ரே

முதலில் ஒரு கதை. வரலாற்று நூலில் இடம்பெற்ற கதை.

லாரி காலின்ஸ், டொமினிக் லாபியர் என்ற இருவர் இந்தியா விடுதலை பெற்ற வரலாற்றை எழுதினார்கள். அந்நூல் 1975இல் வெளிவந்தது. அதில் அவர்கள் தரும் செய்தி இது: 1946ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு டாக்டரிடம் ஓர் எக்ஸ்ரே படம் இருந்தது. அது முஸ்லிம் லீக் தலைவர் முகம்மது அலி ஜின்னாவின் நுரையீரல் படம். காசநோய் முற்றியிருந்ததை அது காட்டியது. ஜின்னா நெடுநாள் உயிர் வாழமாட்டார் என்பது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அந்தப் படத்தை உறையில் இட்டு முத்திரை வைத்துப் பூட்டி வைத்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1947 ஆகஸ்டில், நாடு இரண்டாகப் பிரிந்தது. 1948 செப்டம்பர் 11ஆம் தேதி ஜின்னா காலமானார். அந்நோயைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் நிகழ்ச்சிகள் வேறு விதமாகப் போயிருக்கலாம் என்னும் கருத்தை மவுண்ட்பேட்டன் பிற்காலத்தில் அந்நூலாசிரியர்களிடம் வெளியிட்டார். வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தனிமனிதரின் நோயினால் மட்டும் ஒரு நாட்டின் தலைவிதி மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு.

அந்த விவாதம் நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டிய கேள்வி வேறு. டாக்டர் செய்தது சரியா?

"எத்தனை இலட்சம் மக்கள் அல்லலுற்றார்கள்! அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். "நாட்டின் நன்மைக்காக" என்று ஒரு டாக்டர் உறையைப் பிரித்தால், வேறொரு டாக்டர் வேறொரு நன்மைக்காகப் பிரிப்பார். இன்னொருவர் பணத்துக்காகவே பிரிப்பார். எது நாட்டுக்கு நன்மை என்று தீர்ப்புச் சொல்வது ஸ்டெதாஸ்கோப் பிடித்தவரின் வேலை அன்று. தம்மை நம்பி மார்பைக் காட்டியவருக்குச் சிகிச்சை செய்வதே அவர் வேலை. ஆகவே அவர் செய்தது சரி என்றே நான் கூறுவேன்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சர்ச்சில் 1965இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, அவருக்குப் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்த மோரன் பிரபு தம் குறிப்புகளிலிருந்து ஒரு நூலை வெளியிட்டார். சர்ச்சிலுக்கு வந்த நோய்களெல்லாம் அதில் விவரமாக எழுதப்பட்டிருந்தன. நோயாளி இறந்துவிட்டாரே, இனி என்ன என்று அவர் எண்ணினார் போலும்! மருத்துவ உலகில் கடும் கண்டனம் எழுந்தது.

டாக்டர்கள் இரகசியம் காக்கவேண்டும் என்பது புதிய விதி அன்று. கிரேக்க நாட்டு மருத்துவ மேதை ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. அதைத் தழுவி உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனீவாவில் ஓர் உறுதிமொழியை ஏற்றுக்கொண்டது. நோயாளி இறந்த பிறகும் அவருடைய இரகசியம் காக்கப்படவேண்டும் என்ற சொற்கள் 1968இல் அதனோடு சேர்க்கப்பட்டன.

உண்மை சொல்லாத நோயாளி

சரி, உறுதிமொழி இருக்கிறது. அதற்கும் அறிவியலுக்கும் என்ன தொடர்பு?

நோயைக் கண்டுபிடிப்பது ஸ்கேன் கருவியும் இரத்தப் பரிசோதனையும் மட்டுமே என்று நாம் நினைக்கிறோம். அனுபவமுள்ள எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்கள். நோயாளி தன் வாயால் சொல்லும் விவரமே முதல் கருவி என்பார். எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டார், என்ன வேலை செய்கிறார், முன்பு என்ன மருந்து எடுத்துக்கொண்டார் என்பவற்றைக் கேட்ட பிறகே எந்தப் பரிசோதனை தேவை என்று தீர்மானிக்கிறார்கள். இந்த முதல் கருவி பழுதானால் மற்றவை தவறான இடத்தைத் தேடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேருகிறார். அவர் நாள் தவறாமல் அதிகமாக மது அருந்துபவர். டாக்டர் கேட்கும்போது பக்கத்துக் கட்டிலில் தெரிந்தவர் ஒருவர் படுத்திருக்கிறார். வெட்கப்பட்டு, "அந்தப் பழக்கமெல்லாம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார். ஆஸ்பத்திரியில் மது கிடைக்காது. இரண்டு மூன்று நாள்களில் அவருக்குக் கை நடுங்குகிறது, உடல் வியர்க்கிறது, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிகின்றன, வலிப்பும் வருகிறது. மது திடீரென்று நின்றதால் நரம்பு மண்டலம் தறிகெட்டுப்போகும் நிலை இது. முன்பே தெரிந்திருந்தால் தக்க மருந்து கொடுத்துத் தடுத்திருக்கலாம். தெரியாததால் உயிருக்கே ஆபத்து வந்துவிட்டது. இதற்குக் காரணம் மது மட்டுமா? பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி கேள்வி கேட்டதும் ஒரு காரணம் அல்லவா?

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்து சாப்பிடவேண்டும். "தெருவில் தெரிந்தால் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்; பெண்ணுக்கு வரன் அமையாது" என்று பயந்து ஒருவர் ஊர் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அரைகுறையாக மருந்து கண்ட கிருமிகளில் வலியவை பிழைத்துப் பெருகும். அந்த மருந்துகளுக்கு அடங்காத காசநோய் உருவாகும். பிறகு அது அவரோடு நிற்காது. அதே தெருவில் உள்ளவர்களுக்கும் பரவும். ஊர்வாய் பேசியதன் பலனை ஊரே அனுபவிக்கும்!

ஆகவே இரகசியம் என்பது ஒருவருடைய கூச்சத்தைக் காப்பதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. உண்மை வெளிவருவதற்காகவே இரகசியம் வேண்டியிருக்கிறது. கேட்க முரண்பாடாக இருந்தாலும் இதுதான் உண்மை.

கட்டிலில் எழுதி மாட்டினால் பாதுகாப்பா?

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இதைச் செய்தார்கள். அதன் பிறகு நாடெங்கும் பீதி பரவியது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் வேலையை இழந்தார்கள். வாடகை வீட்டை இழந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்ததும் உண்டு. சில மருத்துவமனைகளில் கட்டிலிலும் கேஸ் ஷீட்டிலும் எல்லார் கண்ணிலும் படும்படி அடையாளம் இட்டார்கள். "நர்சுகளும் ஊழியர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டாமா?" என்பது அவர்கள் கூறிய காரணம்.

இந்தக் காரணம் அறிவியலுக்குப் பொருந்துமா? பார்ப்போம்.

எச்.ஐ.வி. தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, இருமலாலோ பரவுவதில்லை. இரத்தம் போன்ற சில உடல் நீர்களால்தான் பரவும். மேலும் கிருமி உடலில் புகுந்த முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது தென்படாமல் போகலாம். அப்படியானால், அடையாளம் இடாத கட்டிலில் இருப்பவருக்குக் கிருமி இல்லை என்று எப்படி உறுதி கூறுவது? அடையாளத்தை நம்பும் ஊழியர் மற்றக் கட்டில்களில் அசட்டையாக இருப்பார். அந்த அசட்டைதான் ஆபத்து.

ஆகவே மருத்துவ உலகம் வேறு விதியை வகுத்தது. எல்லாருடைய இரத்தத்தையும் கிருமி உள்ளதாகவே கருதவேண்டும். இரத்தம் படக்கூடிய வேலை எதுவானாலும் கையுறை அணியவேண்டும். ஊசியை ஒருமுறைக்குமேல் பயன்படுத்தக் கூடாது. இந்த விதியைப் பின்பற்றினால் அடையாளமே தேவையில்லை. பாதுகாப்பும் கிடைக்கிறது, இரகசியமும் நிலைக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பது தவறு.

நம் நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை அது பொதுவாகத் தடை செய்கிறது.

சொல்லியே ஆகவேண்டிய வேளைகள்

அப்படியென்றால் எந்த நிலையிலும் வாயைத் திறக்கவே கூடாதா? அப்படியும் இல்லை.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த ஒழுக்க விதிகள் மூன்று விலக்குகளைக் குறிப்பிடுகின்றன. நீதிபதி ஆணையிட்டால் நீதிமன்றத்தில் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்துக்கோ பெரிய ஆபத்து இருந்தால் சொல்லலாம். அறிவிக்கப்படவேண்டிய நோய் என்று அரசு வகுத்தவற்றைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். காசநோய் 2012ஆம் ஆண்டு முதல் இந்த வரிசையில் உள்ளது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பது வேறு. தெருவுக்குத் தெரிவிப்பது வேறு. அதிகாரிக்குத் தெரிந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களைப் பரிசோதிப்பார். மருந்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார். தெருவுக்குத் தெரிந்தால் தெரு என்ன மருந்து கொடுக்கும்? 2020இல் கொரோனா பரவியபோது பல ஊர்களில் நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தகுந்த அதிகாரி சட்டப்படி தனியே உத்தரவிட்டாலன்றி அப்படி ஒட்டக் கூடாது என்று கூறியது.

ஆபத்து உண்மையாகவே இருக்கும்போதும் வழி கடினமானதே. 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒருவர் இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. மருத்துவமனையின் மூலம் செய்தி வெளியே போயிற்று. நிச்சயமான திருமணம் நின்றது. அவர் வாழ்ந்த ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. மருத்துவமனை இரகசியத்தை மீறிவிட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். மணக்கவிருந்த பெண்ணின் உயிரும் முக்கியம். அதனால் மருத்துவமனை செய்தது குற்றமன்று என்று நீதிமன்றம் கூறியது.

அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டியது அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவளுக்குத் தெரியவேண்டிய செய்தி ஊருக்கெல்லாம் தெரியவேண்டியதில்லையே! 2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. டாக்டரோ ஆலோசகரோ முதலில் நோயாளியிடம் பேசி, அவரே துணைவரிடம் சொல்லும்படி அறிவுறுத்தவேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியானால், "நான் சொல்லப்போகிறேன்" என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, துணைவரிடம் மட்டும் நேரில் சொல்லலாம். சொன்னால் ஒரு பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாள் அல்லது தாக்கப்படுவாள் என்ற அச்சம் இருந்தால் அதற்கும் சட்டம் இடம் ஒதுக்கியிருக்கிறது. தேவையானவருக்கு, தேவையான அளவு, தேவையான வழியில் சொல்லவேண்டும் என்பதே இதன் சாரம்.

பெயரை அழித்தால் போதுமா?

அந்த 1998ஆம் ஆண்டு வழக்கில் விசித்திரமான ஒரு விஷயம் உண்டு. வழக்குத் தொடுத்தவரின் பெயரை மறைத்து "திரு. எக்ஸ்" என்றே தீர்ப்பில் எழுதினார்கள். மருத்துவமனையின் பெயர் "இசட்". ஆனால் அவர் என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், அவருடைய உறவினர் யார் என்ற விவரங்களெல்லாம் அதே தீர்ப்பில் இருந்தன. தெரிந்தவர்களுக்கு "எக்ஸ்" யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பெயரை அழித்துவிட்டால் இரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அது எவ்வளவு தவறு என்பதை அமெரிக்காவில் ஒரு மாணவி கணக்குப் போட்டே காட்டினார். அவர் பெயர் லட்டானியா ஸ்வீனி. 1997இல் அவர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாநிலத்தின் அரசு ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் சுமார் 1,35,000 பேர் மருத்துவமனைக்குச் சென்ற விவரங்களை ஓர் அரசு நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன. ஆனால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் விடப்பட்டிருந்தன. ஸ்வீனி 20 டாலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் பெயரோடு அதே மூன்று விவரங்களும் இருந்தன! இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்நகரில் வசித்தவர். அவர் பிறந்த அதே நாளில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் எண்ணில் வசித்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவக் குறிப்பு ஸ்வீனியின் மேசைமேல் வந்துவிட்டது!

இந்த மூன்று விவரங்கள் மட்டும் கொண்டு அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று அவர் பின்னர் மதிப்பிட்டார். 2006இல் இன்னொரு ஆய்வாளர் மீண்டும் கணக்கிட்டு 63 சதவீதம் என்றார். எப்படிப் பார்த்தாலும் பாதிக்கு மேல்!

இது மாயமன்று, எளிய பெருக்கல் கணக்கு. உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 1,000 மாணவ மாணவியர் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளில் பிறந்தவர்கள். ஏழு ஆண்டுகளுக்கு 2,555 நாள்கள். ஆண், பெண் என்று இரண்டால் பெருக்கினால் 5,110. அதாவது 5,110 பெட்டிகள். அவற்றில் போடவேண்டியவர்கள் 1,000 பேர். பெரும்பாலோர் தனிப்பெட்டியில்தான் விழுவார்கள் அல்லவா? பெயரே இல்லாமல், "இன்ன தேதியில் பிறந்த மாணவி" என்று சொன்னாலே போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இப்போது நாடு முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். 80 வயது வரை என்று கொண்டால் 365 × 80 × 2 = 58,400 பெட்டிகள். நம் நாட்டில் பின்கோடு எண்கள் ஏறத்தாழ 19,000. மக்கள்தொகை 140 கோடிக்கு மேல். ஒரு பின்கோடுக்குச் சராசரி 74,000 பேர் அளவில் வருகிறது. 74,000 பேரை 58,400 பெட்டிகளில் போட்டால் ஒரு பெட்டிக்குச் சராசரியாக ஒருவர் அல்லது இருவர்! பிறந்த தேதி, பால், பின்கோடு என்ற மூன்றையும் நாம் எத்தனை விண்ணப்பங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால் ஆராய்ச்சிக்கு விவரமே தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 1982 முதல் நடந்துவரும் புற்றுநோய்ப் பதிவேடு போன்றவை இல்லாவிட்டால், எந்தப் புற்றுநோய் எவரிடம் பெருகுகிறது என்பதே நமக்குத் தெரியாது. விவரம் வேண்டும், ஆனால் வேண்டிய அளவே போதும். பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டும், முழு அஞ்சல் எண்ணுக்குப் பதில் அதன் முதல் மூன்று இலக்கங்களும் இருந்தால் பல ஆராய்ச்சிகள் நடக்கும். பெட்டிகள் பெரிதாகின்றன, ஒவ்வொன்றிலும் பலர் சேர்ந்துவிடுகிறார்கள், தனி ஆள் மறைந்துவிடுகிறார். அமெரிக்காவில் 2003 முதல் நடைமுறையிலுள்ள விதிகள் இந்த வழியையே கூறுகின்றன.

பூட்டு போதுமா?

பம்பாய் டாக்டர் தம் எக்ஸ்ரே படத்தை ஓர் உறையில் இட்டுப் பூட்டிவிட்டார். இன்று அப்படிப் பூட்ட முடியாது. ஒரே குறிப்பு மருத்துவமனைக் கம்ப்யூட்டரிலும், பரிசோதனைக் கூடத்திலும், காப்பீட்டு நிறுவனத்திலும், யாரோ ஒருவரின் கைப்பேசியிலும் இருக்கிறது. 2022 நவம்பரில் டெல்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர்களை விஷமிகள் முடக்கினார்கள். நாட்டின் பெயர்பெற்ற அந்த மருத்துவமனையில் பல நாள் எல்லா வேலையும் கையால் எழுதியே நடந்தது.

ஆகவே நல்ல பூட்டு வேண்டும். யார் எப்போது எந்தக் குறிப்பைத் திறந்தார் என்பதைக் கம்ப்யூட்டரே பதிவு செய்யவேண்டும். ஆனால் பெரும்பாலான இரகசியங்கள் கம்ப்யூட்டர் திருடர்களால் வெளியாவதில்லை என்பது என் எண்ணம். லிஃப்டில் பேசும் பேச்சு, டீக்கடையில் சொல்லும் கதை, மேசைமேல் திறந்து கிடக்கும் நோட்டு, வார்டில் எடுக்கும் போட்டோ ஆகியவற்றால்தான் வெளியாகின்றன. இவற்றைத் தடுக்கக் கோடி ரூபாய் தேவையில்லை. நோயாளி உட்காரும் இடத்தில் ஒரு திரை. ஒருவர் உள்ளே இருக்கும்போது அடுத்தவர் வெளியே நிற்கும் ஏற்பாடு. பெயரும் நோயும் சேர்த்துக் கூவாமல் டோக்கன் எண்ணால் அழைக்கும் பழக்கம். இவ்வளவே!

"கூட்டம் அதிகம், டாக்டர் குறைவு, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பார்கள். கூட்டம் உண்மைதான். டாக்டரின் சிரமமும் உண்மைதான். ஆனால் பணம் கொடுத்தால் தனி அறையில் கிடைக்கும் இரகசியம், இலவச ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைக்குக் கிடைக்காது என்றால் அது நியாயமா? 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடிப்படை உரிமைக்குக் கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இரகசியம் என்றால் நோயாளியிடமிருந்தே மறைப்பது அன்று. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவக் குறிப்புகளைத் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. காகிதம் மருத்துவமனையுடையதாக இருக்கலாம். அதிலுள்ள செய்தி நோயாளிக்கே சொந்தம். தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில்.

இனி உங்கள் கையில்

இப்போது மீண்டும் அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

மணி அடித்துவிட்டது. உங்கள் நண்பன் வகுப்புக்குள் வருகிறான். அவனுடைய தந்தையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்ல உங்கள் நாக்கு துடிக்கலாம். "உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்" என்று தொடங்கினால் மதிய உணவு நேரத்துக்குள் வகுப்பு முழுவதும் பரவிவிடும். மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள். அவன் வீட்டில் போய் அழுவான். அவனுடைய தந்தை மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார். ஆறு மாத மருந்து அரைகுறையாக நிற்கும். அதன் பிறகு நடப்பது என்ன என்பதை மேலே படித்தீர்கள்.

நீங்கள் டாக்டர் இல்லை. எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த உறை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் வைத்திருங்கள். நண்பனிடம் எப்போதும்போலப் பேசுங்கள்; பந்து விளையாடக் கூப்பிடுங்கள். அவனே ஒரு நாள் மனம்விட்டுச் சொன்னால், காசநோய் குணமாகக் கூடியது, மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது என்று தைரியம் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நாளை டாக்டர் ஆவீர்கள். சிலர் நர்ஸ் ஆவீர்கள். சிலர் மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டுப் போடும் பொறியாளர் ஆவீர்கள். அந்த வேலைக்கு வேண்டிய முதல் பயிற்சியை இன்றே, ஒரு பாடப்புத்தகமும் இல்லாமல், நீங்கள் தொடங்கிவிடலாம்.